மூத்த பதிவு

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பார்த்தபோது, முருகையாவுக்கும் அங்கம்மாவுக்கும் ஜெயந்தினி என்ற பெயரில் இரண்டு மகள்கள் இருந்தார்கள்.

ஒருத்தி, லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீரை ஊதிக்கொண்டிருந்த ஜெயந்தினி. தன் போட்டோ, பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், பார்க்கும் வேலை என்று எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்கு முன் குடும்ப வரலாற்றுத் தளத்தில் அவளே தன் கையால் ஏற்றியிருந்தாள். மற்றவளுக்குப் போட்டோ இல்லை. அதே அப்பா, அதே அம்மா, ஹல்துமுல்லைக்கு மேலே அதே கல்லுமலைத் தோட்டம், 1986 ஜூன் மாதத்தில் அதே தேதி. லுணுகலையிலிருந்து விஜேந்திரன் மாஸ்டர் மத்தியானம் ஏற்றிய ஒரு பழைய பதிவேட்டிலிருந்து அவள் முளைத்திருந்தாள்.

வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று முப்பத்தெட்டு வருடமாகத் தெனாவட்டாகத் திரிந்தவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

‘நம்மாளு’ என்று அந்தத் தளத்துக்குப் பெயர் வைத்தது அவள்தான். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுவது சம்பள வேலை. இது சம்பளமில்லாத வேலை, ஆனால் உயிரை வாங்கியது இதுதான். ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்த லயத்து வரிசைவீட்டிலிருந்து எந்த லயத்துக்குப் பெண் கொடுத்தார்கள், முதலில் கடல் தாண்டி வந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதையெல்லாம் ஆளாளுக்கு எழுதிச் சேர்க்கும் தளம் அது. அதன் நிரலும் திறந்தே கிடந்தது. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். மாஸ்டர் மாதிரி ஆட்கள் கரையான் தின்ற பதிவேடுகளைத் தேடிப்போய்ப் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் போனில் பேசியே சாட்சி சொல்லலாம்.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவது அங்கே அன்றாடக் கூத்து. அதற்காகவே ‘இணை’ என்று ஒரு பொத்தான் இருந்தது. இரண்டு பதிவில் எதற்குப் பழைய ஆவணம் இருக்கிறதோ அது நிற்கும். மற்றது அதற்குள் கரைந்துபோகும். ஏழு நாளுக்குள் யாராவது மறுத்தால் பிரிக்கலாம், ஆனால் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தன் சொந்தக் குரலில் சாட்சி சொல்ல வேண்டும். ஏழு நாள் கழிந்தால் பூட்டு விழுந்துவிடும். ஒரே கங்காணியை எங்கள் பாட்டன், உங்கள் பாட்டன் என்று இரண்டு குடும்பங்கள் ஆறு மாதம் இழுபறிப்பட்ட பிறகு, எரிச்சலில் அவள் எழுதிய விதி அது.

பதிவேட்டின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மலையில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் பேர்ப் புத்தகம். ஜெயந்தினி, தகப்பன் முருகையா, தாய் அங்கம்மா, சேர்த்தது 1986 ஆவணி. 1988 மாசி மாதத்தில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. காரணம் எழுதவில்லை. அந்தக் காலத்து ஆயாவுக்குக் கை சும்மா இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய சொந்தப் பதிவில் இருந்தது 2004இல் அடையாள அட்டைக்காக எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. ஆகவே பிள்ளைக்காம்பராப் பதிவுதான் பழையது. அது நிற்கும்.

இணைக்க அந்தப் பொத்தானை இரண்டு பேர் அமத்த வேண்டும். தளத்தின் நிரலில் பாதியை எழுதும் றிஸ்னிக்கு, பதுளைக்கு, போன் போட்டாள்.

“ஒரு ஜெயா அக்காவையே சமாளிக்க ஏலாம ஈக்கிது. ரெண்டா?” என்று றிஸ்னி சிரித்தாள். “அமத்துங்க அக்கா, நானும் அமத்துறேன்.”

மணி ஆறு பத்து. அமத்தினார்கள்.

வெளியே மூடுபனி லயத்துக் கூரைகள் வரை இறங்கி, பக்கத்து வீட்டு அடுப்புப் புகையையும் ஈரத் தேயிலை வாசத்தையும் சேர்த்துக்கொண்டு ஜன்னல் கம்பிகளுக்கிடையே மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே, புகையும் இல்லாமல் தேயிலையும் இல்லாமல், பால்மா சிந்திய ஈரத்துணியைப் பல நாள் காயப்போடாமல் சுருட்டி வைத்தால் வருகிற புளித்த வாசம் ஒன்று இருப்பதை அவள் முதலில் மூக்கால்தான் கண்டுபிடித்தாள். பிறகு சத்தம். தலைக்கு மேலே, கூரையைத் தாங்கும் தீராந்தி மரத்தில், பாரம் தொங்கும் கயிறு ஒன்று அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் உரசுகிற சத்தம். நிதானமாக. கைப்பழக்கம் உள்ளவர்கள் ஆட்டுகிற நிதானம்.

நிமிர்ந்து பார்த்தாள். தீராந்தியில் பழைய கொக்கி மட்டும் இருந்தது.

“அம்மா, அது என்னா சத்தம்?”

சாமி மாடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த அங்கம்மா திரும்பவில்லை. “எது?”

“புள்ளத் தொட்டிக் கயிறு மாதிரி.”

அம்மாவின் கையில் தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தது. அவள் அதை உதறவில்லை. தோல் பொசுங்கிய பிறகுதான் கீழே போட்டாள்.

“எலி,” என்றாள்.

திங்கட்கிழமை காலை தளத்தைத் திறந்தபோது இணைந்த பதிவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஒரு வரியைத் தவிர. ‘இப்போது இருக்கும் இடம்’ என்ற வரியில் வீட்டு விலாசம் இல்லை. ‘ஏழாம் நம்பர் மலை, பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால்’ என்று இருந்தது. எவனோ விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி ஏழாம் நம்பர் மலை. யார் திருத்தியது என்று வரலாற்றைப் பார்த்தாள். ஜெயந்தினி, ஜெயந்தினி, ஜெயந்தினி. எல்லாம் அவளுடைய கணக்கிலிருந்தே.

“உங்கட கணக்குலேந்துதான் அக்கா மாறுது,” என்றாள் றிஸ்னி. “நீங்க லேப்டாப்ப மூடினதுக்குப் பொறகும் மாறுது.”

செவ்வாய்க்கிழமை அவளுடைய போன் அவளை அடையாளம் காணவில்லை. முகத்தைக் காட்டினால் திறக்கும் போன். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள், முடியை ஒதுக்கிக் காட்டினாள், வெளிச்சத்தில் நின்று காட்டினாள். சனியன், பண்டாரவளையில் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று திட்டிக்கொண்டே எண்ணைத் தட்டித் திறந்தாள்.

பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக் கலாராணி அவள் காலையே பார்த்தாள்.

“வெடியக்காலையில புள்ளைக்காம்பராப் பக்கம் என்னா பண்ணிக்கிட்டு இருந்த? கூப்புடுறேன், கூப்புடுறேன், திரும்பவே இல்ல. அட்டை கடிக்கிற எடத்துல வெறுங்காலோட.”

“நான் வீட்டவிட்டே எறங்கல கலா.”

“அடி போடி. உன் சிவப்புச் சுவெட்டர எனக்குத் தெரியாதா?”

சிவப்புச் சுவெட்டர் வீட்டில் கொடியில்தான் தொங்கியது. போய்த் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது. கைமடிப்பில் முள்முருங்கை இலை ஒன்று ஒட்டியிருந்தது.

புதன்கிழமை மாஸ்டர் அதே புத்தகத்தின் இன்னொரு பக்கத்தை அனுப்பினார். ‘தங்கச்சி, இதையும் பாருங்க, விளங்கவில்லை’ என்று கீழே ஒரு குறிப்பு.

ஜெயந்தினி, தகப்பன் முருகையா, தாய் அங்கம்மா. சேர்த்தது 1988 கார்த்திகை. வயது இரண்டு மாதம்.

மூன்று தடவை வாசித்தாள். 1986இல் பிறந்த பிள்ளைக்கு 1988 கார்த்திகையில் எப்படி இரண்டு மாதம்? பள்ளிக்கூடத்தில் அவளை ஏழு வயதில்தான் சேர்த்தார்கள் என்று சான்றிதழ் சொல்லும். ஆனால் அந்த வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குள்ளும் அவள்தான் குட்டி. ஏன் பிந்திப் போட்டீர்கள் என்று கேட்டால், ஒடம்பு சொகமில்லை என்று அம்மா பேச்சை முடித்துவிடுவாள். சிவப்புக் கோடு. அதே பெயர். சான்றிதழ் அவளுடையது இல்லை. பெயரும் அவளுடையது இல்லை.

இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அவள் இரண்டாவது. மூத்தவளின் பதிவுக்குள் தன்னைத்தானே கரைத்துவிட்டிருக்கிறாள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அங்கம்மா திரையைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை அடையாளம் தெரிந்தது.

“அந்தப் பேச்ச எடுக்காத.”

“எனக்கு ஒரு அக்கா இருந்தாளா, இல்லியா?”

மா பிசைந்த கையை அம்மா சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“காய்ச்ச,” என்றாள். “மூணு நாளு. டிஸ்பென்சரில வெள்ள மாத்திர குடுத்தாங்க. நாலாவது நாளும் வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போவலன்னா பேர வெட்டிருவாங்கன்னு கணக்கப்புள்ள சொல்லிட்டாரு. புள்ளைக்காம்பரா தொட்டில்ல போட்டுட்டு மலைக்குப் போனேன். பத்து மணித் தேத்தண்ணிக்கு வந்து பாக்குறேன், தொட்டி ஆடிக்கிட்டு இருக்கு. புள்ள தூங்குதுன்னு ஆயா ஆட்டிக்கிட்டே இருந்திருக்கா. ஜில்லுன்னு இருந்துச்சு.”

ரொட்டி கருகியது. யாரும் அதைத் திருப்பிப் போடவில்லை.

“ஏன் சாவப் பதியல?”

“பதியவா? அன்னைக்கே உங்கப்பா ஏழாம் நம்பர் மலைக்கு மேல பொதச்சிட்டு வந்துட்டாரு. வயித்துல நீ ரெண்டு மாசம். மூத்தது போன வீட்டுல அடுத்ததும் தங்காதும்பாங்க. செத்துச்சுன்னு வாயத் தொறக்கக் கூடாது. அழக் கூடாது. பால் ஊத்தக் கூடாது. பொறக்குற புள்ளைக்கும் அதே பேர வச்சு, அதே சேலையில தொட்டி கட்டிட்டா, உசுர எடுக்க வர்றவன் எண்ணிப் பாத்துட்டு, புள்ள இருக்குன்னு போயிருவான்னு சொன்னாங்க. செஞ்சோம். நீ தங்கிட்ட.” அம்மாவின் குரல் உடைந்தது. “ஒன்னயத் தங்க வைக்க, அவளுக்கு ஒரு சொட்டுப் பாலுகூட ஊத்தல. பத்து மாசம் சொமந்த புள்ள. மூத்தவ. அவளுக்கு நான் என்னாத்த செஞ்சேன்?”

ஜெயந்தினிக்கும் அழுகை வந்தது. அழுகைக்கு அடியில் பயம் இருந்தது. அவள் போனை நீட்டினாள்.

“இதுல ஒரே ஒரு வார்த்த பேசும்மா. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள, ஒண்ணு செத்துப்போச்சுன்னு சொல்லு. போதும். ஞாயித்துக்கெழம ஆறு பத்துக்குள்ள சொல்லணும். இல்லன்னா என்னயப் பிரிக்க ஏலாது.”

அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம்; சாட்சி சொல்ல அம்மாவை விட்டால் வேறு பெரியவர் இல்லை. அம்மா போனைத் தொடவில்லை.

“செத்துச்சுன்னு சொன்னா, எவளுன்னு கேக்கும்.”

“யாரு கேப்பா?”

தலைக்கு மேலே கயிறு உரசியது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். எலி என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கடவுச்சொல் செல்லவில்லை. றிஸ்னி பதுளையிலிருந்து என்னென்னவோ செய்து பார்த்தாள். “பெரியவங்கட குரல் இல்லாம பிரிக்க ஏலா அக்கா. ஒரு ஓட்டையும் இல்லாம நீங்கதானே எழுதி வச்சீங்க?” சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. கலாராணி வீட்டுப் போனை வாங்கிப் பதிவை எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் என்ற வரி காலியாக இருந்தது. வேலை என்ற வரியும். போட்டோவில் சிவப்புச் சுவெட்டர் இருந்தது, கழுத்து இருந்தது. முகம் இருந்த இடத்தில் பனி.

மத்தியானம் கம்பனிக்குப் போன் எடுத்தாள். அந்தப் பெயரில் ஊழியர் யாரும் இல்லை என்று அங்கே ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை றிஸ்னிக்கு மறுபடி எடுத்தாள்.

“யாரு பேசுறது?”

“ஜெயா பேசுறேன் றிஸ்னி.”

“ஜெயா அக்கா இப்பதானே எடுத்துப் பேசி வச்சாங்க. யாரு நீங்க? இது என்னா பகிடி?”

போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை மூன்று தட்டு. அம்மா மூன்று தட்டில் சோறு போட்டாள். ஒன்று தனக்கு. ஒன்று மகளுக்கு. மூன்றாவதை அடுப்படி மூலையில் வைத்தாள். யாருக்கு என்று ஜெயந்தினி கேட்கவில்லை. அவளுடைய கை மெலிந்து, வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஓடியது. மாலையில் மூன்றாவது தட்டு காலியாக இருந்தது. ஜெயந்தினியின் தட்டில் சோறு போட்டபடியே இருந்தது. அவள் சாப்பிட்டதாகத்தான் ஞாபகம்.

அந்த நாட்களில் அவள் அம்மாவின் காலைப் பிடித்தாள். கத்தினாள். பட்டினி கிடப்பதாக மிரட்டினாள். “நான் ஒம் புள்ள இல்லியா?” என்று கேட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு நான்கு மணிக்கு அவளாகவே வந்தாள். கையில் செம்பு. காய்ச்சி ஆறவைத்த பால்.

“நீ போயி அவளுக்குப் பால் ஊத்திட்டு வா. முப்பத்தாறு வருசக் கடன் அது. ஊத்தாம நான் வாயத் தொறந்தா ஆவாது. வந்தவொடனே சொல்றேன். போன இங்க வச்சிட்டுப் போ.”

“சத்தியமா சொல்லுவியா?”

“சொல்றேன்.” அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். வெகுநேரம் தடவினாள். “பையப் போ கண்ணு. சிந்திறாம.”

பாதி செம்புப் பாலை அம்மா அடுப்படியில் தனக்கென்று எடுத்து வைத்திருந்ததை அவள் போகிறபோது பார்த்தாள். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

கயிற்றுச் சத்தம் வீட்டிலிருந்து வெளியே வந்தும் விடவில்லை. லயத்தைத் தாண்டி, பீலியைத் தாண்டி, பனியில் இரண்டு பக்கமும் தேயிலை மட்டும் தெரிகிற ஒற்றையடிப் பாதையில் அவள் ஏறியபோது அது முன்னால் போனது. பழைய பிள்ளைக்காம்பரா ஓடு சரிந்து கிடந்தது. புதியதைக் கட்டிய பிறகு இங்கே யாரும் வருவதில்லை. பின்னால் முள்முருங்கை மரம். அடியில் மூன்று கல். யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மண்டி போட்டாள். வாழ்நாளில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாள்.

“அக்கா.”

இருபது மாதப் பிள்ளை. காய்ச்சலோடு தனியாக. அவளுக்காக ஒருவரும் அழவில்லை. “குடிச்சிட்டுப் போயிரு அக்கா. நான் தெரியாம செஞ்சிட்டேன். என்னய விட்டுரு.”

பாலை ஊற்றினாள். மழையில் ஊறிய மண். பால் தேங்கி நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு வெள்ளைத் தடம்கூட இல்லாமல் உள்ளே போனது. கடைசிச் சொட்டும்.

கயிறு நின்றது.

ஏழு நாளில் முதல் தடவை. காதே கழுவிவிட்ட மாதிரி ஆனது. அப்பாடா என்று எழுந்து திரும்பினாள்.

பிள்ளைக்காம்பராவின் வாசல் வழியே உள்ளே தெரிந்தது. தீராந்தியில் சேலைத் தொட்டில். மஞ்சள் சேலை. வீட்டில் அம்மாவின் பெட்டிக்குள் மடித்து இருக்கும் சேலை. தொட்டில் காலியாக, இன்னும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஒருவர் இறங்கிப்போன அசைவு.

தரையில் ஈரக் கால்தடம். உள்ளங்கை அளவு. தொட்டிலுக்கு நேர் கீழே. அடுத்தது கொஞ்சம் பெரிது. அடுத்தது இன்னும் பெரிது. வாசற்படியில் ஒரு சிறுமியின் கால். முற்றத்துச் சேற்றில் ஒரு குமரியின் கால். பாதை தொடங்கும் இடத்தில் இருந்த தடத்தில் அவள் தன் காலை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

தடம் வீட்டை நோக்கிப் போனது.

ஓடினாள். செம்பு எங்கோ விழுந்தது. தேயிலைக் கிளை கீறியது. வலிக்கவில்லை. பீலியடியில் கலாராணி.

“கலா! மணி என்னா?”

கலாராணி குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாகப் போனாள்.

கதவு உள்ளே தாழ். தட்டினாள். சத்தம் வரவில்லை. கையால் அடித்தாள். சத்தம் வரவில்லை.

ஜன்னல்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே விளக்கு ஏற்றியிருந்தது. லேப்டாப்புக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சிவப்புச் சுவெட்டர். முதுகு தெரிந்தது. தரையில் ஊன்றியிருந்த வெறுங்கால்களில் சேறு. அம்மா பின்னால் நின்று அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மெதுவாக, சிக்கு சிக்காக. சீப்பில் மண் வந்தது. அம்மா அதைத் தட்டிவிட்டு மறுபடி சீவினாள்.

“அம்மா!”

அம்மாவின் கை நின்றது. திரும்பவில்லை. மேசையிலிருந்த போனை எடுத்தாள். சிவப்புச் சுவெட்டர்க்காரி கையை நீட்டி அதில் எதையோ அமத்தினாள். மணி ஆறு ஐந்து.

“எம் பேரு அங்கம்மா,” என்றாள் அம்மா. “கல்லுமலைத் தோட்டம். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள.”

“ஆமாம்மா,” என்றாள் ஜெயந்தினி வெளியிலிருந்து. “ஆமா. சொல்லு.”

“ஒண்ணு செத்துப்போச்சு.”

உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். ஜெயந்தினியின் குரல். அப்படியே ஜெயந்தினியின் குரல்.

“எவளம்மா?”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். பார்த்தது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

“சின்னவ,” என்றாள்.

போன் கீழே வைக்கப்பட்டது. அம்மா அடுப்படிக்குப் போனாள். எடுத்து வைத்திருந்த பாலோடு வந்தாள். ஜன்னலண்டை வந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அம்மாவின் வாசம் தெரிய வேண்டும். தெரியவில்லை.

“அவளுக்கு நான் ஒண்ணுமே செய்யலடி,” என்றாள் அம்மா. “ஒனக்கு முப்பத்தாறு வருசம் செஞ்சிட்டேன். போயிரு கண்ணு.”

கம்பியைப் பிடித்திருந்த கையின் மேல் பாலைச் சாய்த்தாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் சிவப்புச் சுவெட்டர் எழுந்து நின்றது. முகம் இன்னும் திரும்பவில்லை. ஜெயந்தினி தன் கையைப் பார்த்தாள். பால் விழுந்தது. சூடு இல்லை. ஈரம் இல்லை. ஒரு வெள்ளைத் தடம்கூட இல்லாமல் உள்ளே போனது.